உப்புச் சீமாட்டியின் கவுன்

பெர்னடீன் படகுக்கு உறை தைக்கிறவள். ஈரி ஏரிக்கரையில் படகு வைத்திருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவள் தைத்த உறையைத் தெரியும், அவளைத் தெரியாது. கான்வாஸ் துணியோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி அவள் தோள்கள் மூட்டை தூக்குகிறவனுடைய தோள்கள் மாதிரி ஆகிவிட்டன. ஒரு முறை கல்யாணம் செய்து பார்த்தாள், சரிப்பட்டு வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கை கோரீன் வீட்டு மாடிக்கு வந்தவள், அங்கேயே தங்கிவிட்டாள். கோரீன் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் பரிமாறுகிற வேலையில் இருந்தாள். புருஷன் லாரி விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளைகள் இல்லை. இரண்டு பெண்கள், ஒரு வீடு, ஒரு பூனை, எட்டு மாதம் பனி.

அந்த இரண்டு பேருக்கும் ஒரு பைத்தியம் உண்டு. மேடை இசை நாடகங்களில் வரும் பெரிய பெரிய உடைகளை அச்சு அசலாக மறுபடி தைப்பது. பெரியவள் தைப்பாள், சின்னவள் போட்டுக்கொள்வாள். பெர்னடீனை மேடையில் ஏறச் சொன்னால் அங்கேயே வாந்தி எடுப்பாள். கோரீனுக்கு மேடை என்றால் கொண்டாட்டம். நாள் முழுக்கத் தலையில் வலை மாட்டிக்கொண்டு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு அள்ளிப் போடுகிற பெண், உடையைப் போட்டதும் ராணி மாதிரி நடப்பாள். வருஷா வருஷம் மே மாதம் பிட்ஸ்பர்கில் நடக்கிற உடைப் போட்டிக்கு இரண்டு பேரும் பழைய காரில் போவார்கள், பின் இருக்கை முழுக்க ஒரு பாவாடை உட்கார்ந்து வரும்.

இந்தப் போட்டி உலகத்தைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேடையில் கைதட்டல் வாங்குவது பெரிய விஷயம் இல்லை. அதற்கு முன்னால் ஒரு பின்னறையில் நடுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பாவாடையைத் தூக்கு என்பார்கள், உள் தையலைக் காட்டு என்பார்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு லைனிங்குக்குள் மூக்கை நுழைப்பார்கள். அசலின் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு மடிப்பாக ஒத்துப் பார்ப்பார்கள். மடிப்பு ஒன்று திரும்பியிருந்தால் போயிற்று. இன்டர்நெட்டில் இவர்களுக்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது. அங்கே ஒரு விதி, அதை யாரும் மீறமாட்டார்கள். படம்தான் சாட்சி, நினைவு சாட்சி ஆகாது. "நான் நேரில் பார்த்தேன், அது நீலம்தான்" என்று யாராவது சொன்னால் மரியாதையாகச் சிரித்துவிட்டு, படம் இருக்கிறதா என்று கேட்பார்கள். எத்தனையோ பேர் நேரில் பார்த்தேன் என்று சத்தியம் செய்து ஊதாவை நீலமாக்கியிருக்கிறார்கள், அதனால் வந்த விதி. பெர்னடீன் அந்த விதியை ஜெபம் மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா தங்கை இரண்டு பேரும் சிறுமிகளாக இருந்தபோது அவர்கள் அப்பா ஏரியைச் சுற்றிக் காரோட்டி டொரன்டோவுக்குக் கூட்டிப்போய் 'உப்புச் சீமாட்டி' என்ற நாடகத்தைக் காட்டினார். எல்லாவற்றுக்கும் மேல் மாடத்தில், தூணுக்குப் பின்னால் இடம். இரண்டாம் பாதியில் சீமாட்டி மாடிப்படியில் பாடிக்கொண்டே இறங்குவாள். சாம்பல் வெள்ளைப் பட்டு, அதன் மேல் இன்னொரு பாவாடை ஒரு பக்கமாகச் சுருக்கி இடுப்பில் ஏற்றிக் கட்டியிருக்கும். கட்டிய இடத்திலிருந்து கண்ணாடி மணிகள் உப்புக் கொட்டினது போல் கீழே வரைக்கும் சரிந்து கிடக்கும். அன்றைக்கே கோரீன் முடிவு செய்துவிட்டாள், அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் நானும் படி இறங்குவேன் என்று. பெர்னடீன் தைத்துத் தருகிறேன் என்றாள். நாடகம் அதிக நாள் ஓடவில்லை. உடைகள் ஒரு கிடங்கில் நனைந்து அழுகிப்போனதாகக் கேள்வி. ஒரு பத்திரிகையில் வந்த புழுதி படிந்த மாதிரியான படம் ஒன்றுதான் மிஞ்சியது. அதனால் அந்த உடை எப்போதும் அடுத்த வருஷத்து உடையாகவே இருந்தது.

கோரீனுக்கு வயிறு உப்ப ஆரம்பித்தது ஒரு இலையுதிர் காலத்தில். சாப்பாட்டுக்கூடத்துப் பெண்கள், இந்த வயசில் இதென்ன என்று கேலி செய்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் தொடங்கிய புற்றுநோய் எங்கெல்லாமோ பரவியிருந்தது. வசந்தம் வரை பார்க்கலாம் என்றார். வசந்தம் என்றால் மார்ச்சா மேயா என்று பெர்னடீன் கேட்டாள். அந்த டாக்டர் நல்ல மனிதர், அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

காரில் திரும்பும்போது கோரீன் கேட்டது ஒன்றே ஒன்று.

"சீமாட்டிய ஆரம்பி பெர்னி. இனிமே அடுத்த வருஷம்னு சொல்ல முடியாது."

பெர்னடீன் மறுநாளே ஆரம்பித்தாள். படகுக் கடையில் அரை நாள் வேலைக்கு மாறிக்கொண்டாள். கோரீனின் அளவுக்குத் தையல் பொம்மையில் பஞ்சு சுற்றி வைப்பது அவள் வழக்கம். இந்த முறை அந்தப் பொம்மையை எப்படிச் சுற்றுவது என்றே தெரியவில்லை. கையும் கழுத்தும் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போயின, வயிறு மட்டும் நீர் கோத்து ஏறியது. ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு நீரை எடுத்தால் இடுப்பு சுருங்கும், அடுத்த வாரம் மறுபடி ஏறும். தோளில் பஞ்சைப் பிய்த்து இடுப்பில் சுற்றினாள், இடுப்பில் பிய்த்து எறிந்துவிட்டு மறுபடி சுற்றினாள். தங்கையின் சாவைத் தையல் பொம்மையில் அளந்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. கடைசியில் மேல்சட்டையின் முதுகை நாடா போட்டு இறுக்கித் தளர்த்துகிற மாதிரி மாற்றினாள். அசலில் அப்படி இல்லை. அதைச் செய்ய அவள் மனசு எவ்வளவு அடித்துக்கொண்டது என்பது இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பாவாடை பிப்ரவரியில் முக்கால்வாசி ஆகிவிட்டது. மேல் பாவாடையை இடது இடுப்பில் ஏற்றிக் கட்டியிருந்தாள். பத்திரிகைப் படத்தில் அப்படித்தான் மங்கலாகத் தெரிந்தது, கோரீனும் இடதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாடகத்தின்போது ஒன்றுக்கு வந்து, எழுந்து போகவும் மனசு இல்லாமல், கதவு இருந்த இடது பக்கத்தையும் சீமாட்டியின் இடுப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். மேடையில இருக்கறவளுக்கு அது வலது பக்கமா இருக்குமே என்று பெர்னடீன் மடக்கினால், அவ எறங்கறப்போ நமக்கு முதுகக் காட்டித் திரும்பி நின்னா, அப்பப் பார்த்தேன், எனக்குத் தெரியும் என்பாள் கோரீன்.

அந்த நேரம் பார்த்து பஃபலோவிலிருந்து டெல்பர்ட் இன்டர்நெட்டில் ஒரு படம் போட்டார். டெல்பர்ட் ஓய்வு பெற்ற பல் மருத்துவர், கூட்டத்தில் பழைய ஆள், தங்கமான மனிதர். யாரோ ஒரு ரசிகர் விற்ற நினைவு மலரில் அந்தப் படம் இருந்ததாம். மேடையின் பின்னாலிருந்து எடுத்தது. சீமாட்டி முதுகைக் காட்டி நிற்கிறாள், அவளுக்கு அப்பால், மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் வாத்தியக்காரர்கள், அதற்கு அப்பால் இருட்டு. ஒவ்வொரு மணியும் எண்ணிவிடலாம் என்கிற தெளிவு. கட்டு வலது இடுப்பில் இருந்தது.

கூட்டத்தில் ஒரே அமளி. இரண்டு படத்தில் ஒன்று அச்சில் இடம் வலமாகத் திரும்பியிருக்கிறது, எது என்று சண்டை. தெளிவான படத்தின் பக்கம்தான் எல்லோரும் சாய்ந்தார்கள். பெர்னடீனும் சாய்ந்தாள். கோரீன் படுக்கையிலிருந்து, இடதுதான் என்றாள். படம் இருக்கே கோரி என்றாள் பெர்னடீன்.

இடதை வலதாக்குவது மடிப்பை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்துகிற காரியம் இல்லை. குறுக்கு வாட்டத்தில் வெட்டிய துணி, பளபளப்பு ஒரு போக்கில்தான் படியும். மணிகளைப் பிரித்து, மடிப்புகளைப் பிரித்து, இடுப்புப் பட்டையிலிருந்து பாவாடையை அறுத்தெடுத்து, மிஞ்சிய பட்டில் புதிதாக வெட்ட வேண்டும். பெர்னடீன் பிரித்தாள். பிரிக்கும்போது அவள் மனசில் வருத்தம் இல்லை, ஒரு நிம்மதி இருந்தது. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. இன்னும் வேலை இருக்கிறது. வேலை இருக்கிற வரைக்கும் கோரீன் இருப்பாள். பைத்தியக்காரத்தனமான கணக்கு, ஆனால் அதை நம்பித்தான் அவள் காலையில் எழுந்தாள்.

மார்ச் கடைசியில் ஒரு காலை. முந்தின நாள் நீர் எடுத்திருந்தார்கள். ராத்திரி நல்ல தூக்கம். பக்கத்து வீட்டு அம்மாள் கொடுத்தனுப்பிய நூடுல்ஸ் கேசரோலில் இரண்டு கரண்டி உள்ளே போயிருந்தது. கோரீன் தானாக எழுந்து, தானாக முகம் கழுவி, உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே தையல் அறை வாசலுக்கு வந்துவிட்டாள். வெளியே ஏரிப் பக்கமிருந்து வெயில் அடித்தது. பெர்னடீன் வாயில் குண்டூசியோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். பாவாடை துண்டு துண்டாக அவளைச் சுற்றிக் கிடந்தது.

"இன்னைக்குப் போட்டுக்கறேன்" என்றாள் கோரீன். "இன்னைக்குக் காலு நிக்குது."

பெர்னடீன் ஊசிகளை உள்ளங்கையில் துப்பினாள். ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொன்னாள்.

"சேஃப்டி பின் குத்திக் குடு போதும். மாடிப்படில எறங்கறேன். பாக்கறதுக்கு நீயும் பூனையும்தான. பூனை தையலத் திருப்பிப் பாக்காது."

"வலது பக்கம் இன்னும் வெட்டவே இல்ல கோரி. இப்படிப் போட்டா அது சீமாட்டி இல்ல, சாக்கு மூட்ட. ஒரே வாரம். நீ ஆசப்பட்டது இதுவா?"

கோரீன் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். கோபம் இல்லாமல்தான் பேசினாள்.

"முடிச்சிட்டா நான் போயிடுவேன்னு நெனைக்கற. எனக்குத் தெரியாதா. முடிக்கலைன்னாலும் போவேன் பெர்னி. இந்தத் துணி இல்லாமப் போவேன், அவ்வளவுதான்."

பெர்னடீனுக்குச் சரி என்ற வார்த்தை வாய்வரை வந்தது. கண்கள் தரையில் கிடந்த துண்டுகளின் மேல் போயின. எங்கே பின் குத்துவது, எதை எதோடு சேர்ப்பது என்று பார்த்தாள். எதுவும் எதோடும் சேராது என்று தெரிந்தது. அவள் கைகள் அசையவில்லை.

கோரீன் திரும்பிப் போனாள். படுக்கைக்குப் போகிறாள் என்று பெர்னடீன் நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் படிக்கட்டுப் பக்கம் பாட்டு கேட்டது. மெல்லிய, காற்றுப் போன குரலில் சீமாட்டியின் பாட்டு. எழுந்து ஓடினாள். கோரீன் மேல் படியில் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற பூப்போட்ட நைட்டி, காலில் கம்பளி சாக்ஸ். ஒரு கையால் கைப்பிடிக் கட்டையைப் பிடித்திருந்தாள். மற்ற கை இடது இடுப்புப் பக்கம் இல்லாத பாவாடையைத் தூக்கிப் பிடித்திருந்தது. ஒவ்வொரு படியாக இறங்கினாள். பாதியில் மூச்சு வாங்கியது, நின்றாள், மறுபடி இறங்கினாள். கீழே வந்ததும் பூனைக்கு ஒரு வணக்கம் வைத்தாள். பெர்னடீன் அவளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். படகு உறை தூக்கிப் பழகிய தோள்களுக்கு அது ஒரு கனமே இல்லை.

அதுதான் கோரீன் எழுந்து நின்ற கடைசி நாள்.

அடுத்த வாரம் பேச்சும் பாதியாகிவிட்டது. ஆனாலும் ஒரு மதியம் டெல்பர்டின் படத்தைக் காட்டு என்று கேட்டாள். பெர்னடீன் ஐபேடை அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். கோரீன் ரொம்ப நேரம் பார்த்தாள். பார்த்தது சீமாட்டியை இல்லை.

"வயலின்காரங்களப் பாரு. அத்தன பேருமா இடது கைக்காரங்க?"

பெர்னடீன் பார்த்தாள். பள்ளத்தில் சின்ன விளக்குகளின் வெளிச்சத்தில் வரிசையாக வில்கள். எல்லா வில்லும் இடது கையில். அவளும் கூட்டத்திலுள்ள அத்தனை பேரும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு மணிகளை எண்ணினார்களே தவிர, ஒருத்தர்கூட அந்தப் பள்ளத்தைப் பார்க்கவில்லை. படம்தான் திரும்பியிருந்தது. கட்டு இடது இடுப்பில்தான். தங்கை முதலிலிருந்து சொன்ன பக்கம். ஏற்கெனவே தைத்து முடித்து, அவள் கையாலேயே அறுத்துப் போட்ட பக்கம்.

கோரீன் சிரிக்க முயன்றாள், இருமல் வந்துவிட்டது. அவளை நிமிர்த்தித் தண்ணீர் கொடுத்துவிட்டு பெர்னடீன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தன்னை அப்போது யாராவது செருப்பால் அடித்தால் தேவலை என்றிருந்தது. அந்தக் காலையில் பாவாடை முழுசாக இருந்திருந்தால் கோரீன் அதைப் போட்டுக்கொண்டு இறங்கியிருப்பாள். வேறு யார்மேலும் பழி போட முடியாது. டெல்பர்டுக்கு ஒரே வரியில் விஷயத்தைத் தெரிவித்தாள். அந்த மனிதர் ஃபோனில் கூப்பிட்டு அழுதார். அவரைத் தேற்றுகிற வேலையும் அவளுக்கு வந்து சேர்ந்தது.

புதுப் பட்டு கிடைக்கவில்லை. வெட்டியதையே ஒட்டுப் போட்டு, ஒட்டுத் தெரியாமல் மணியால் மூடி, மறுபடி இடது பக்கம் ஏற்றினாள். இப்போது கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து தைத்தாள். வலி மருந்து கொடுக்க வருகிற நர்ஸ், நீங்களும் கொஞ்சம் படுங்களேன் என்று சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். ஏப்ரல் நடுவில், ஏரியில் பனிக்கட்டி உடைந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், பெர்னடீன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் காதில் நுழையாமல் படுத்தியது. நுழைந்ததும் தலை நிமிர்ந்தாள். கோரீனின் மூச்சு நின்றிருந்தது. எப்போது நின்றதென்று அவளுக்குத் தெரியாது.

மீதி மணிகளை அவள் இரண்டு நாளில் தைத்து முடித்தாள். ஒரு சோறு தண்ணி இல்லை. உறவுக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ள வந்த இரண்டு மூன்று பேரும், இவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று சமையலறையில் பேசிக்கொண்டார்கள். கலங்கவில்லை. நின்றுகொண்டு போட முடியாததைப் படுத்துக்கொண்டாவது போட்டுக்கொள்ளட்டும், ஊரே பார்க்கட்டும் என்பதுதான் அவள் எண்ணம். உடையை வெள்ளைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி, சவ அடக்க நிலையத்துக்குக் கொண்டு போனாள்.

நிலையத்துக்காரர் செர்வென்கா அவர்கள் அப்பா அம்மாவையும் அடக்கம் செய்தவர். உடையை வாங்கி மேசைமேல் விரித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"பெர்னடீன் அம்மா, ஒடம்பு வெறச்சிருக்கு. கைய வளச்சுப் போட முடியாது. நாங்க வழக்கமா முதுகுல மேலேர்ந்து கீழ வரைக்கும் வெட்டிட்டு, முன்னால வெச்சு, ரெண்டு பக்கமும் செருகி விட்டுடுவோம். வெளிய தெரியாது. நீங்க வெளிய உக்காருங்க, நான் பாத்துக்கறேன்."

அவள் வெளியே போகவில்லை. கத்தரிக்கோலைக் கேட்டாள். அவர் கொடுத்தது மொக்கையாக இருந்தது என்று திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் பையிலிருந்ததை எடுத்தாள். மேல்சட்டைக்கு நாடா இருந்தது, அதை வெட்ட வேண்டியிருக்கவில்லை. இடுப்புப் பட்டை, பாவாடை, லைனிங், அடிப்பாவாடை எல்லாவற்றையும் முதுகு நடுவில் ஒரே நேராக அறுத்தாள். மணிகள் தரையில் உதிர்ந்து ஓடின. செர்வென்கா குனிந்து பொறுக்கப் போனார். வேண்டாம் விடுங்க என்றாள்.

மறுநாள் பார்வைக்கு வைத்தார்கள். வாசலில் காபி, டோனட், கையெழுத்துப் போட ஒரு மேசை. பெர்னடீன் நேரத்தோடு வந்து உள்ளே போனவள் நடு வழியில் நின்றுவிட்டாள். எங்கள் பக்கத்தில் சவப்பெட்டிக்கு இரண்டு மூடி. மேல் பாதியைத்தான் திறந்து வைப்பார்கள், இடுப்புக்குக் கீழே மூடித்தான் இருக்கும். எத்தனை சாவுக்குப் போயிருக்கிறாள், எத்தனை பெட்டி முன்னால் மண்டியிட்டிருக்கிறாள். உடையைப் பற்றி நினைத்த அத்தனை வாரங்களில் இது ஒரு தடவைகூட அவள் நினைவுக்கு வரவில்லை. கோரீன் மார்பு வரை சீமாட்டியாக இருந்தாள். அதற்குக் கீழே பளபளவென்று பாலிஷ் போட்ட மரம், அதன் மேல் பள்ளிக்கூடம் அனுப்பின பூக்கள்.

அவள் செர்வென்காவைத் தேடிப் பிடித்தாள். கீழ் மூடியையும் திறக்கச் சொன்னாள். அவர் தயங்கினார். பாவாடை மலை மாதிரி நின்றதாம், பெட்டிக்குள் அடங்கவில்லையாம். காலுக்கு அடியிலும் பக்கத்திலும் மடித்து அமுக்கி வைத்துத்தான் மூட முடிந்ததாம். இப்போது திறந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று மெதுவாகச் சொன்னார். பெர்னடீன் சரி என்றாள். அவரோடு சண்டை போட அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

டெல்பர்ட் பஃபலோவிலிருந்து காரோட்டி வந்திருந்தார். அதுவரை அவர்கள் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. பெட்டி முன்னால் நின்று மேல்சட்டையின் கழுத்தைப் பார்த்தார், மூடிய பாதியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். துக்கத்துக்கு வந்தவர்களில் அந்த மரத்துக்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

சாப்பாட்டுக்கூடத்துப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். கோரீனோடு ரொம்ப வருஷம் பக்கத்தில் நின்று பரிமாறிய மார்லீஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு பெர்னடீனின் கையைப் பிடித்தாள். நல்ல மனசுள்ள பெண்.

"எவ்வளவு அழகா இருக்கா. அந்த பிளவுஸ் அவளுக்கு ரொம்ப எடுப்பா இருக்கு. நீங்க தைச்சதா?"

"ஆமா" என்றாள் பெர்னடீன். "கீழ பாவாடையும் இருக்கு."

மார்லீஸ் தலையாட்டினாள். இருக்கத்தானே செய்யும் என்று நினைத்திருப்பாள். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது, அவள் நகர்ந்து காபி மேசைப் பக்கம் போனாள்.